வேரோடு பிடுங்கிய டிரைவர்

என் மனைவிக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு நேர்காணல். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை, கம்ப்யூட்டர் வழியாகத்தான் கேள்வி கேட்பார்கள். அன்று காலை பத்தரை மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரை நான் கெடுத்தேன்.

கெடுக்க வேண்டும் என்று உட்காரவில்லை. விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைத் தூத்துத் துடைப்பதில்லையா, அந்த நினைப்பில்தான் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடப் பழைய பெட்டி. இணையக் கம்பியைக் குத்துகிற பாகம் வேலை செய்ய உள்ளே ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், அதைத்தான் டிரைவர் என்பார்கள். அது பழையதாகிவிட்டது, புதுப்பிக்கவும் என்று ஒரு கட்டம் பல நாளாகத் திரையில் வந்து நின்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்னவோ பார்க்கச் சகிக்கவில்லை. அமுக்கினேன். ஏதோ இறங்கியது, ஏதோ ஏறியது, கடைசியில் இணையக் குறியின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் விழுந்தது.

அங்கேயாவது கையை எடுத்திருக்கலாம். ஆனால் நான் ரப்பர்க்காரன். பழைய மரத்தை முறித்தால் அடிக்குற்றியை வேரோடு தோண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தைக்கன்று நடுவோம். குற்றியை விட்டுவைத்தால் அது அழுகி, நோய் புதிய வேருக்கு ஏறிவிடும். டிரைவரையும் அப்படித்தான் எடுத்தேன். நீக்கு என்று கொடுத்தபோது, இதன் மென்பொருளையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது. டிக் போட்டேன். அடியில் பழைய டிரைவர் தலைகாட்டியது, அதற்கும் டிக் போட்டேன். எல்லாம் சுத்தம். பிறகுதான் உறைத்தது. டிரைவரை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும், இணையம் வருவதற்கு டிரைவர் வேண்டும்.

அன்று ஹர்த்தால். பாறசாலையிலும் வெள்ளறடையிலும் ஒரு கடை திறக்காது, பஸ் ஓடாது, ஆட்டோ வராது. போனிலேயே நேர்காணலை முடிக்கலாம் என்றால் எங்கள் வீடு கேரள எல்லையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. முற்றத்துப் பிலாமரத்தடியில் நின்றால் இரண்டு கோடு காட்டும். ஒரு எட்டு நகர்ந்தால் தமிழ்நாட்டு டவருக்குத் தாவி அறுந்துபோகும். அந்த மரத்தடியில் நின்று, பாறசாலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரை அழைத்தேன். என்னைவிட இளையவர், வீட்டில்தான் இருந்தார்.

“அண்ணா, பழைய டிரைவருக்குத் திரும்பிப் போறதுக்கு ஒரு பட்டன் உண்டு. அதை ஞெக்கினா போரும்.”

“நான் எல்லாத்தையும் எடுத்துக் களைஞ்சேன் மக்கா.”

“எல்லாத்தையுமா?”

“வேரோட.”

“பெட்டி வாங்கினப்பம் கூட ஒரு சிடி தந்திருப்பாவ. அது உண்டெங்கி அதுல காணும். இல்லெங்கி நாளைக்குக் கொண்டு வாங்க.”

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, பாவம் அவர் என்ன செய்வார். போனைக் கம்பியால் பெட்டியோடு இணைத்து உள்ளே விட்டுவிட்டு வருகிற நெட்டையாவது கொடுக்கப் பார்த்தேன். அதற்கும் ஒரு டிரைவர் வேண்டுமாம்.

அதற்குள் மனைவி வந்து பின்னால் நின்றாள். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், நேர்காணலுக்காக லீவு போட்டிருந்தாள். தேய்த்த சேலை உடுத்தி, கையில் சான்றிதழ் ஃபைல். சிவப்புப் பெருக்கலைப் பார்த்தாள். கத்தியிருந்தால் நானும் திரும்பக் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் கத்தவில்லை.

“ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லணும். நான் போவப்பிடாதுண்ணு செய்ததாக்குமா?”

“இல்ல” என்றேன். சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை. நாலு மாதமாக இந்த வேலையைப் பற்றி அவள் கேட்கும்போதெல்லாம் ‘பாப்போம்’ என்றுதான் சொல்லிவந்தேன். போகச் சொல்ல மனசில்லை, போகாதே என்று சொல்லத் தைரியமில்லை. டிக் போட்ட நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. பெட்டி கெட்டதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அலமாரியைக் கவிழ்த்தேன். ரேஷன் கார்டு, காலாவதியான மாத்திரை, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை, எல்லாம் வந்தது. சிடி மட்டும் இல்லை.

“அங்க காணாது,” என்றாள் வாசலில் நின்று. “பயறுப் பந்தல்ல பாருங்க. கிளி வருதுண்ணு நீங்கதானே பழைய சிடியெல்லாம் கெட்டித் தொங்கவிட்டிய.”

ஓடினேன். பந்தலில் ஐந்து சிடிகள் வெயிலில் திரும்பித் திரும்பி மின்னின. மூன்றில் கிறிஸ்துமஸ் பாட்டு, ஒன்று மச்சினன் கல்யாணம். ஐந்தாவதில் எழுத்து மங்கி, டிரைவர் என்பதில் பாதி மட்டும் தெரிந்தது. மேலே கிளி எச்சம். சோப்புப் போட்டுக் கழுவித் துவர்த்துத் துண்டால் துடைத்து உள்ளே தள்ளினேன். பெட்டி கரகரவென்று அரைத்தது, பிறகு அடங்கியது. ஒன்றும் வரவில்லை. மணி ஒன்று இருபது.

அவள் சிடியை என் கையிலிருந்து வாங்கினாள். வாயால் ஊதி, கண்ணாடி துடைக்கிற துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடைத்துத் தந்தாள். இந்தத் தடவை திறந்தது. இணையத்துக்கான ஃபோல்டரைத் தேடி ஓட்டினேன். பச்சைக் கோடு முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடு நகர்ந்து முடிந்தபோது சிவப்புப் பெருக்கல் போயிருந்தது. மணி ஒன்று நாற்பத்தேழு.

அவள் உட்கார்ந்து, கண்மூடி ஜெபித்துவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னாள். கதவுக்கு வெளியே தரையில் இருந்தேன். கரண்ட் போய்விடக் கூடாது என்பது ஒரு பயம். போய்விட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமோ என்பது இன்னொரு பயம். உள்ளே அவள் இங்கிலீஷில் பேசினாள். ஒரு முழு ராத்திரி இருபது கட்டில் வார்டைத் தனியாகப் பார்த்திருக்கிறேன் என்றாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

“வெள்ளிக்கிழமை ரெண்டாவது இன்டர்வியூ உண்டு. அதுவரைக்கும் அந்தப் பெட்டியில கை வைக்கப்பிடாது.”

“ஒரே ஒரு வேலை,” என்றேன். சிடியில் இருந்ததை ஒரு பென் டிரைவில் ஏற்றினேன். அதை அவளுடைய ஃபைலில், சான்றிதழுக்கும் பாஸ்போர்ட் நகலுக்கும் நடுவே சொருகினேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ, கிடைச்சா நான் போவட்டா?”

பாப்போம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“போயிட்டு வா,” என்றேன்.