பிடித்த வரியும் கரியாலூர் சிப்ஸ் கடையும்

1. போடாத கையெழுத்து

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு ஜவ்வரிசி ஆலை. பதினோரு வருடம் இருந்தேன். முதலில் லாரியிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கினேன். பிறகு வறுக்கும் அடுப்பு. முட்டி போனது, நின்றுவிட்டேன். அப்போது வயது நாற்பத்தொன்பது.

பி.எஃப். பிடித்தது கடைசி நாலு வருடம்தான். எண்பத்து நாலாயிரம் இருந்தது. வயதாகும்வரை காத்திருக்க முடியாது. கரியாலூரில் அருவிக்குப் போகும் வழியில் கிழங்கு சிப்ஸ் கடைக்கு இடம் பேசி அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். சித்திரைக்குள் மீதி அறுபதாயிரம் கட்ட வேண்டும். தவறினால் இடமும் போகும், அட்வான்சும் போகும்.

மாசியில் பி.எஃப். பணத்தை எடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்தும் சுரேஷ் ஒரு தாளை நீட்டினார்.

"வருமானம் கம்மின்னு எழுதிக் குடுக்குற ஃபாரம். ஒரு கையெழுத்து போடுங்கண்ணா."

"வேணாம்."

"நல்லதுக்குத்தாண்ணா."

"வேணாம்பா."

ஒரு பொங்கலுக்கு முன்னால் ஆலையில் வருகைப் பதிவு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். போனஸ் வேண்டாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாக அது ஆனது. அதற்குப் பிறகு கூலி நோட்டைத் தவிர எதிலும் எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போடுவதில்லை.

போனுக்கு வந்த ஆறு நம்பரை மட்டும் சுரேஷிடம் சொன்னேன். அது கையெழுத்து இல்லையே.

2. மணியின் மச்சான்

பேங்கில் எழுபத்தைந்தாயிரத்து அறுநூறு ஏறியது. எட்டாயிரத்து நானூறு குறைந்தது. ஆலையில் கூட வேலை பார்த்த மணியிடம் டீக்கடையில் சொன்னேன்.

"வரி போட்டுட்டானுங்க மாமா. அஞ்சு வருசம் ஆவறதுக்குள்ள எடுத்தா அப்டித்தான். இப்ப பத்து பர்சென்ட். இன்னும் இருபது பாக்கி நிக்கும்."

"யார் சொன்னா?"

"திருக்கோவிலூர்ல என் மச்சான். அவனுக்கு எல்லாம் தெரியும்."

"இன்னா வேல?"

"மெடிக்கல் ஷாப்புல இருக்கான்."

இருபது என்றால் பதினாறாயிரத்து எண்ணூறு. எப்போது கேட்பார்கள், தெரியாது. கேட்கும்போது இல்லை என்றால் என்ன செய்வார்கள், அதுவும் தெரியாது. அறுபதாயிரம் கட்டினால் பதினைந்தாயிரத்து அறுநூறுதான் மிஞ்சும். பணத்தைத் தொடவில்லை. பீடியை விட்டேன். டவுனுக்கு நடந்தே போனேன். முட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி செல்வி இரண்டு வாரம் பார்த்தாள்.

"இன்னாய்யா, கவர்மெண்டுக்கே வரி கட்றவன் வூட்டுல தெனம் பழைய சோறா? ஒன் கௌரவம் இன்னாத்துக்கு ஆவறது?"

அந்த நேரம் பார்த்து இடத்துக்காரர் போன் செய்தார்.

"எடம் வேணுமா வேணாமா? உளுந்தூர்பேட்டக்காரர் ஒருத்தர் தெனம் கேட்டுக்கினு இருக்காரு. நாலு நாள்தான்."

செல்வி போனைப் பிடுங்கினாள். "வேணுங்க. வர்றோம்." என்னிடம் திரும்பினாள். "மெடிக்கல்காரன் சொன்னத வச்சிக்கினு குந்தியிருக்கியே. கணக்கு எழுதறவங்கள கேளு, போ."

3. படித்துக் காட்டிய மேடம்

மறுநாள் டவுனில் வரிக்கணக்கு எழுதும் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த மேடம் என் சம்பளத்தைக் கேட்டுக் கூட்டினார்.

"நீங்க வரி கட்ற அளவுக்கே வரலைங்க."

எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆனது.

"அப்ப இன்னும் இருபது பர்சென்ட்?"

"எந்த இருபது? யார் சொன்னாங்க?"

"மெடிக்கல் ஷாப்புல."

மேடம் சிரித்துவிட்டார். "மாத்திரை மட்டும் அங்க வாங்குங்க. ஒங்க கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. நீங்கதான் கேக்கணும். கணக்கு தாக்கல் பண்ணா பிடிச்சது திரும்பி வரும். வருமானம் கம்மின்னு அப்பவே ஃபாரம் குடுத்திருந்தா பிடிச்சே இருக்க மாட்டாங்க."

சுரேஷ் நீட்டிய தாள் ஞாபகம் வந்தது.

மேடமும் ஒரு தாளை நீட்டினார். "இங்க கையெழுத்து போடுங்க."

கை தானாக மடங்கியது.

"கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

முழுக்கப் படித்தார். புரியாத இரண்டு இடத்தை மறுபடி கேட்டேன். அதையும் படித்தார். பிறகு போட்டேன்.

அங்கிருந்தே கரியாலூர் பஸ் ஏறினேன். அறுபதாயிரத்தைக் கட்டிவிட்டு செல்விக்குப் போன் செய்தேன். "கட்டிட்டேன்" என்றேன். "சோறு வடிக்கிறேன், வா" என்றாள்.

வரி ஆடியில் திரும்பி வந்தது. இன்னொரு வாணல் வாங்கினேன். மணி வந்தால் சிப்ஸ் இலவசம். மச்சானுக்குக் காசு.

ஆலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஒரு போனசை இழந்தேன். படிக்காமல் மறுத்து இரண்டு வாரத் தூக்கத்தை இழந்தேன். இப்போது யார் தாள் நீட்டினாலும் முதலில் ஒரு நாற்காலி கேட்கிறேன். உட்கார்ந்து, படித்துச் சொல்லச் சொல்கிறேன்.