முப்பத்தேழாம் வரைபடம்

நோசூயே சிகாகே என்ற பெண்ணுக்கு நாற்பத்தேழு வயது. ஜப்பானின் ஹமமாட்சு நகரில், மோட்டார் சைக்கிள் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கிகளைச் செய்யும் கம்பெனியில் பதினான்கு வருடமாக ஒப்பந்த ஊழியர். பொறியாளர்கள் தாங்கியைக் கணினிக்குள்ளேயே குலுக்கி, முறுக்கி, எங்கே அழுத்தம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அதில் வரும் கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கணக்கு நோட்டுபோல் சின்னச் சின்னக் கட்டமாக்கிய எக்செல் தாளில் ஒட்டுவது நோசூயேயின் வேலை. ஓர் அறிக்கைக்கு அறுபத்துநான்கு வரைபடம். இரண்டரை நாள் ஆகும்.

ஒவ்வொரு வரைபடத்துக்கும் அவர் ஒரு நிலையான அளவு வைத்திருந்தார். பதினான்கு வருடத்தில் அது ஒரு மயிரிழைகூட நகர்ந்ததில்லை. அதனால் அந்த மாடியில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. புதுத் தாளைப் பழைய தாளின்மேல் வைத்து, தெற்கு ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். கோட்டின்மேல் கோடு விழுந்தால் சரி. ஓரத்தில் இருக்கும் எண்களை யாரும் படிப்பதில்லை. வாங்கும் கம்பெனியில் அறிக்கை பார்க்கும் நாகுராவும் அப்படித்தான்.

பிப்ரவரியில் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலை, இளம் பொறியாளர் தொத்சுகா எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பட்டனைத் தட்டினான். ஒன்பது நிமிடத்தில் அறுபத்துநான்கு வரைபடமும் தலைப்பு, பக்க எண்ணோடு வந்து விழுந்தன. நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, பழையதோடு சேர்த்து ஜன்னலில் வைத்தான். சிகரத்தின்மேல் சிகரம் அச்சாகப் பொருந்தியது. எல்லோரும் கை தட்டினார்கள். நோசூயேயும் தட்டினார்.

"இனிமே நோசூயே சானுக்குக் கண்வலியே வராது," என்றார் பிரிவுத் தலைவர் ஈயோ.

"கண்ணே வேணாம்னு சொல்றீங்களா, ஈயோ சான்?"

சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது. நோசூயேயின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, புதுப்பிக்கும் தாள் அன்று மாலைதான் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மதியம் ஈயோ அறிக்கையை நோசூயேயின் மேசையில் வைத்தார். "அஞ்சு மணிக்கு நாகுரா சானுக்குப் போகணும். ஓரம் கீரம் கோணலா இருக்கான்னு மட்டும் ஒரு பார்வை பார்த்துடுங்க."

ஓரம் எதுவும் கோணவில்லை. முப்பத்தேழாம் வரைபடத்தில்தான் கண் நின்றது. காலையில் தொத்சுகா ஜன்னலில் வைத்த அதே தாள். வழக்கமாக இருநூற்று நாற்பதில் தன் கையால் போடும் சிவப்பு எல்லைக்கோடு அதில் இல்லை. சரி, போட்டுவிடலாம் என்று ஓரத்து எண்ணைத் தேடினார். உச்சியில் எப்போதும் முந்நூறு இருக்கும். இதில் முந்நூற்று ஐம்பது. மென்பொருள் ஒவ்வொரு வரைபடத்தையும் அதனதன் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி தானாகவே அளவு மாற்றியிருந்தது. உயரம் பழையதுதான், எண் பழையதல்ல. சிகரம் இருநூற்று அறுபத்திரண்டு. எல்லையைத் தாண்டிவிட்டது.

எழுந்து நடைவழிக்குப் போய், காசு போடும் இயந்திரத்தில் சூடான சோளச் சூப் டப்பா ஒன்றை எடுத்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? நாகுரா கண்டுபிடித்தால் பட்டனுக்குக் கெட்ட பெயர்; பழையபடி ஒட்டும் வேலை இவருக்கே வரும். கண்டுபிடிக்காவிட்டால் அந்தத் தாங்கி யாரோ ஒருவரின் முழங்காலுக்குக் கீழே மலைப்பாதையில் ஓடும். டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்ட சோளமணிகளைத் தட்டித் தின்றுவிட்டு உள்ளே வந்து சொன்னார்.

தொத்சுகாவின் முகம் வெளுத்தது. "நான் ஜன்னல்ல வச்சுப் பார்த்தேனே!"

"நாங்க எல்லாருந்தான் பார்த்தோம்," என்ற ஈயோ, பட்டென்று முடிவெடுத்தார். "அந்தப் பட்டனைத் தலைமுழுகு. திங்கள்கிழமை வரைக்கும் நான் தவணை வாங்குறேன். நோசூயே சான், நீங்களே பழையபடி ஒட்டிடுங்க."

போன வேலை நோகாமல் திரும்பி வந்துவிட்டது. தலையாட்டினால் போதும். ஆனால் ஒட்டுவது அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. கோடுகளைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

"தொத்சுகா, உச்சி எண்ணை நாமளே கட்டிப் போட முடியாதா இதுல?"

அவன் தேடினான். முடிந்தது. ஒருமுறை சட்டகமாகப் போட்டு வைத்துவிட்டால் ஒவ்வொரு அறிக்கைக்கும் அதுவே வரும், எல்லைக்கோடும் அப்படியே.

"ஆனா அறுபத்துநாலுக்கும் உச்சி எது, எல்லை எதுன்னு எங்க இருக்கு?"

"எழுது. ஒண்ணு, நூத்தம்பது, சிவப்பு நூத்திருபது. ரெண்டு, அதேதான். மூணு, எண்பது..."

"மனப்பாடமா? மனுஷியா நீங்க?"

"வாயை மூடிட்டு எழுதுடா. நாலு..."

நாலேகாலுக்கு முடிந்தது. இந்த முறை ஜன்னலில் புதுச் சிகரம் பழையதைத் தாண்டி, சிவப்புக் கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. ஈயோ நாகுராவைத் தொலைபேசியில் அழைத்து, தாங்கியின் முட்டுப் பகுதியைத் தடிமனாக்க ஒரு வாரம் கேட்டார். எதிரில் ஆளில்லாத சுவரைப் பார்த்து நாலு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

மாலையில் ஒப்பந்தத் தாளோடு வந்தார். ஒரு வருடம்.

"உங்களுக்கு வேலை இருக்கு. ரப்பர் பிரிவிலயும் ரெண்டு பேர் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்காங்க. அவங்க அறிக்கைக்கும் இதே மாதிரி சட்டகம் போட்டுக் குடுங்க."

நோசூயே, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தன் பெயர் முத்திரையை மையில் ஒற்றினார். கை அந்தரத்தில் நின்றது. அந்த இருவரையும் தெரியும். அவர்கள் ஒப்பந்தமும் மார்ச்சோடுதான் முடிகிறது.

"அவங்க ஒப்பந்தத்தையும் புதுப்பிச்சு, என்கூட உட்கார வைங்க, ஈயோ சான். ரப்பருக்கு என்ன எல்லைன்னு எனக்குத் தெரியாது. அது அவங்க ரெண்டு பேர் தலையிலதான் இருக்கு."

"ம்... யோசிச்சுப் பார்க்கலாம்."

அந்தக் கட்டடத்தில் யோசிச்சுப் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். பதினான்கு வருடம் குப்பை கொட்டிய நோசூயேக்கு அது தெரியாதா?

"மேல போய் அதிகாரிங்ககிட்ட கேட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன். அப்புறம் குத்துறேன்."

"இப்பவேவா?"

"அதிகாரிங்க ஆறு மணிக்குத்தானே கிளம்புவாங்க?"

ஈயோ அவரையும் முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.