அண்ணையின் முதுகு

என் கணவரின் முதுகு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போனது. ஒரு பெட்டியைத் தூக்கியபோது பிடித்துக்கொண்டது. பிறகு குனிந்து சப்பாத்துப் போடவும் அவரால் முடியவில்லை. வேலையில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் கொம்பன்சேஷனில்தான் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் சீவியம் ஓடியது. பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து என் கணவருடைய தங்கை மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. முதல் தண்ணீரைத் தாய்மாமன்தான் வார்க்க வேண்டும். குடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் விட்டு நானே அவர் கையில் கொடுத்தேன். சடங்கை எடுத்த வீடியோவில் குடம்தான் தெரிந்தது, உள்ளே இருந்தது தெரியவில்லை.

அந்தக் கசெட்டை வீட்டில் பார்க்கவென்று இரவல் வாங்கிப் போனவர் என் கணவரின் சூப்பர்வைசர். எங்கள் ஆள்தான், எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தவர், எங்கள் வீட்டில் சோறு தின்றவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியிடம் நல்ல பெயர் எடுக்க அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி கொம்பன்சேஷன்காரருக்கு அனுப்பினார். ஒரு செம்புத் தண்ணீர்தான் என்று நாங்கள் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. பணம் நின்றது. மனுசன் பல்லைக் கடித்துக்கொண்டு அதே மெஷினுக்குத் திரும்பிப் போனார். குளிர்காலம் முடிவதற்குள் ஊன்றுபொல்லு இல்லாமல் நடக்க முடியாமல் போனது. அண்ணையைச் சபிக்காமல் நான் சாமிக்கு விளக்கேற்றிய நாளில்லை.

பிறகு அண்ணையின் மனைவிக்குப் புற்றுநோய் வந்தது. அந்த நாட்களில் தனக்கு நோய் என்றால்தான் அரசாங்கம் லீவுக்குப் பணம் தரும். மனைவியைப் பார்க்க வேண்டும் என்றால் கையை விரித்துவிடும். அண்ணை தனக்கு முதுகு நோவு என்று டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வீட்டில் நின்றார். முதுகுதான் கிடைத்தது அவருக்கு.

ஒருநாள் லிஃப்ற் வேலை செய்யவில்லை. நான் படியால் இறங்கிக்கொண்டிருந்தேன். அண்ணை மனைவியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஏறி வந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போனது.

அன்று பின்னேரமே வந்து கதவைத் தட்டினார். நான் உள்ளே கூப்பிடவில்லை. மனைவிக்குத் தன்னைத் தவிர யாருமில்லை, இந்த லீவு போனால் அவள் தனியாகக் கிடந்து சாக வேண்டியதுதான் என்று வாசலில் நின்று அழுதார்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, தங்கச்சி.”

“சொல்லமாட்டன் அண்ணை. ஆனா சொல்லமாட்டன் எண்டு நம்பியிராதேங்கோ.”

அந்த மனிசிக்காகத்தான் வாயை மூடினேன், அவருக்காக அல்ல. அதற்குப் பிறகு கடையிலோ கோயிலிலோ அவரைக் கண்டால், பத்துப் பேர் கேட்க, முதுகு எப்படி என்று விசாரிப்பேன். நோகுது என்று சொல்லி இடுப்பைப் பிடிப்பார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

கோடை தொடங்குவதற்கு முன்பே அவர் மனைவி போய்விட்டார். செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டியைக் காரில் ஏற்ற ஆண்கள் சுற்றி நின்றார்கள். தலைமாட்டுக் கைபிடியைப் பிடிக்க அண்ணை குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் கையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் தள்ளி நின்றார். அவருடைய மனைவியை வேறு யாரோ தூக்கினார்கள்.