ஞானமுத்து மேஸ்திரியும் எங்கள் காப்பி மெஷினும்

மத்தியானக் கூட்டம் அடங்கி, பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் நேராக என் கடைக்குள் வந்தார். ஞானமுத்து மேஸ்திரியின் மைத்துனர். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அத்தான் போயிட்டாவ மொதலாளி. காலையில சர்ச்சு மணி அடிக்கையில மூச்சு நின்னுட்டு."

என் மனைவியின் தம்பி சீனிவாசன் அப்போது மெஷின் அருகே இருந்தான். குனிந்து அடுப்புக் கரியை வாரி வெளியே போட்டான். அன்றைக்கு அதன்பிறகு கடையில் யாருக்கும் காப்பி இல்லை.

எங்கள் இராஜபாளையத்தில் மேஸ்திரியை மில் பாய்லர்க்காரராகத்தான் பலருக்கும் தெரியும். அவர் சர்ச்சில் பாடுகிறவர் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் என் கடையில் செய்தது என்ன என்பதை நேரில் பார்த்தவர்களில் பாதிப்பேர் இப்போது ஊரில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முன்பு, கொழும்பில் ஒரு ஹோட்டலில் கழித்துப்போட்ட இத்தாலி மெஷின் ஒன்றை நானும் சீனிவாசனும் வாங்கினோம். ஆள் உயரத்தில் செம்புப் பாய்லர், உச்சியில் சிறகு விரித்த பித்தளைக் கழுகு. தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி ரயிலில் வந்து சேர்ந்தபோது கழுகுக்கு ஒரு சிறகு இல்லை, பாய்லருக்குள் கை நுழைய இடமில்லை. அவ்வளவு உப்பு கட்டியிருந்தது. மறுநாளே காப்பி போட வேண்டும் என்று சீனிவாசன் குதித்தான். நான் மில்லிலிருந்து அழைத்துவந்த மேஸ்திரி மெஷினை இரண்டு தடவை சுற்றி வந்து, "இதுல இப்ப தீ வைக்கக் கூடாது தம்பி" என்றார்.

மில் வேலை முடிந்து சாயங்காலங்களில் வருவார். மெஷினைத் துண்டு துண்டாகக் கழற்றினார். புளித்தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, மூங்கில் சிம்பால் உப்பைச் சுரண்டி எடுத்தார். நைந்துபோன வாஷர்களுக்குப் பதிலாக, பருத்திக் கயிற்றைக் கொழுப்பில் ஊறவைத்துத் திணித்தார். எல்லாம் பூட்டிய பிறகும் தீ வைக்கவில்லை. பாய்லரில் விளிம்பு வரை பச்சைத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார். ஒரு மூட்டில் வியர்வை போல நீர் அரும்பியது. "பாத்தீகளா? பச்சத் தண்ணி கசிஞ்சு காட்டிக் குடுத்துரும். ஆவி அப்படிச் சொல்லாது" என்றார். மறுபடி கழற்றினார். சீனிவாசன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவருடைய பொறுமைக்குக் காரணம் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய், பாஸ்ரா பக்கத்து ஆற்றுப்படகில் பாய்லருக்குக் கரி தள்ளியவர் அவர். பக்கத்துப் படகில் பாய்லர் வெடித்தது. அதில் இருந்தவர் சுந்தரபாண்டியத்துக்காரர், இவருடைய சினேகிதர். "புதைக்கிறதுக்கு ஒண்ணும் கிடைக்கலை மொதலாளி" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

மெஷின் ஓடத் தொடங்கியது. கூமாப்பட்டியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்து குடித்தார்கள். மேஸ்திரியும் ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் பார்த்துப்போக வருவார். வேலை இருந்தால் கொல்லை வழியாக உள்ளே வருவார். காப்பி மட்டும் வெளிச் சன்னலில் நின்று குடிப்பார். அவருடைய தெருக்காரர்களுக்கு எங்கள் ஊர் காப்பி கிளப்புகளில் அதுதான் இடம். என் கடையும் அந்த வழக்கத்தில்தான் நடந்தது.

ஒரு ஞாயிறு, சந்தைக் கூட்டம். உள்ளே உட்கார இடமில்லை. மேஸ்திரி சன்னலுக்கு வெளியே தம்ளரை வாங்கி வாயருகே கொண்டுபோனார். அப்படியே நிறுத்திவிட்டார். அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் இருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அந்த அளவில் சேப்டி வால்வு திறந்து ஆவியை வெளியே விட்டிருக்க வேண்டும். சத்தமே இல்லை. வால்வின் கம்பியில், எங்கள் தராசின் எடைக்கல் ஒன்று கயிறு கட்டித் தொங்கி, வால்வைத் திறக்கவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

மேஸ்திரி முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். அந்த வாசலில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சிலர் நிமிர்ந்து முறைத்தார்கள். அவர் கத்தவில்லை. சிரித்த முகத்தோடு, "இன்னைக்கு மொதலாளி வெளியில காப்பி குடுக்காவ. எல்லாரும் மரத்தடிக்கு வாங்கய்யா, காசு கிடையாது" என்றார். நானும் ஆமென்று தலையை ஆட்டினேன். கூட்டம் கலகலவென்று எழுந்து வெளியேறியது. யாரும் யாரையும் தள்ளவில்லை.

ஒருவர் மட்டும் எழவில்லை. சோழபுரத்துப் பண்ணையார். மெஷினுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, என்னைய வெளியில நின்னு குடிக்கச் சொல்லுதியா?"

மேஸ்திரி அவர் அருகே குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "நான் இம்புட்டு வருசமா வெளியில நின்னுதான் குடிக்கேன் ஐயா. செத்துப் போகலை. இன்னைக்கு உள்ள இருந்தாத்தான் சாவு."

பண்ணையார் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

"எடைக்கல்லை எடுத்திரட்டுமா?" என்று கையை நீட்டினேன். மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாதீக. சட்டுனு தெறந்தா மொத்தமா சீறிரும். வெளிய போங்க."

வாசலோடு நின்றுவிட்டேன். அவர் ஈரச் சாம்பலை அள்ளித் தணல்மேல் போட்டார். பிறகு ஆவிக்குழாயை ஒரு மயிரிழை திருப்பினார். கீச்சென்று ஒரு சத்தம். பாய்லரின் மூட்டு ஒன்று 'டக்'கென்று அதிர்ந்தது. முள் அசையவில்லை. இன்னும் ஒரு மயிரிழை. ஆவி அவர் முன்கையில் அடித்தது. கையை எடுக்கவில்லை. வெளியே மரத்தடியில் யாரோ காப்பி எங்கே என்று சத்தம் போட்டார்கள். முள் நடுங்கியது. நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் எடைக்கல்லை அவிழ்த்தார். அதைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்து கேட்டார்: "இதைத் தொங்கவிட்டது யாரு?"

"நான்தான்" என்றான் சீனிவாசன். "ஆவி சீறுற சத்தத்துக்கு வாரவங்க பயந்து எந்திரிச்சுப் போறாங்க..."

"போகட்டும். வேற கடைக்குப் போகட்டும். உசுரோட போகட்டும்."

அவர் முன்கையில் தோல் உரிந்து தொங்கியது அப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. சீனிவாசன் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

கை ஆறியதும் மேஸ்திரி வந்தார். வெளிச் சன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்வாசல் வழியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றே நாலைந்து பேர் எழுந்து போனார்கள். பண்ணையாரும் பிறகு வரவேயில்லை. கடை நொடிந்துபோகும் என்றார்கள். கொஞ்ச காலம் தள்ளாடத்தான் செய்தது. மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் தாங்கினார்கள். சண்டைக்காலம் முழுக்க ஒரு வாஷர்கூட விலைக்குக் கிடைக்காதபோதும் மேஸ்திரி அந்த மெஷினை ஓடவைத்தார்.

போன மாதம் அவர் நெஞ்சுச்சளியோடு படுத்திருந்தபோது நானும் சீனிவாசனும் போயிருந்தோம். இனி மெஷினை யார் பார்ப்பது என்று அவரே பேச்செடுத்தார். மில்லிலிருந்து மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் சீனிவாசனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, தீ மூட்டுறப்ப பயமா இருக்கா?"

சீனிவாசன் தயங்கினான். "தினமும் பயந்துதான் மூட்டுதேன் மேஸ்திரி."

"அப்ப நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். நாலு பேர் வந்து உட்காரும் இடத்தை நடத்துகிறவனுக்கு இருக்க வேண்டிய பயம் அது. அது என்னை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.