மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கம்

நாரின் நகரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நான்கு வருடங்களில், சைகாலுக்குத் தனிமை கிடைத்த ஒரே இடம் மாட்டுக்கொட்டகைதான். காலையில் பசுவைக் கறந்ததும், கோட்டுக்குள் ஒளித்துவைத்த சுவிசேஷத்தில் ஒரு பக்கம் வாசிப்பாள். வாசிக்காத நாட்களில் மாமியாரிடம் வெடுக்கென்று பேசிவிடுவது அவளுக்கே தெரிந்திருந்தது.

ஒரு நாள் மாமியார் பெர்மெத் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு மாட்டைக் கறக்க இவ்வளவு நேரமாடீ?" புத்தகத்தைக் கண்டதும் பிடுங்கிக்கொண்டாள். "ஓ, இந்தக் கூத்துதானா! நாளையிலேருந்து நானே கறந்துக்கறேன். நீ அடுப்பைப் பாரு."

"அதைக் குடுத்துடுங்க, அத்தை."

"போடி உள்ளே!"

சைகாலுக்கு நாக்குவரை வந்த வார்த்தை அங்கேயே நின்றது. ஆட்கள் போக வர இருந்த அடுப்படியில் மாவு பிசைந்தபடி, அன்று படித்ததை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நான்காவது வரி நினைவுக்கு வரவில்லை. முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.