ரசலையன் ஓடிவந்த ரோடு

ரசலையனுக்கு நடக்கத் தெரியாது என்று ஊரில் கேலி பேசுவார்கள். பன்னிரண்டு வயதில் அப்பனோடு வெற்றிலைக் கட்டைத் தலையில் ஏற்றியவன் அவன். விடியுமுன் கிள்ளிய வெற்றிலை வெயில் ஏறுவதற்குள் மலைமேல் எஸ்டேட் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். வாடிவிட்டால் கடைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அதனால் போகும்போது சுமையோடு ஓட்டம், வரும்போது வெறுந்தலையோடு ஓட்டம். இப்படிப் பதினெட்டு வருஷம் ஓடியவன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் ஓட்டமாகத்தான் வருவான். மனைவி நேசபாய் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள்.

அவர்கள் சபையில் வாலிபர்கள் சேர்ந்து ஓட்டச் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். தலைவர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் செல்வதாஸ். வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததும், மார்கழிக் குளிரில், மலைக்குத் தொடர் ஓட்டம் நடக்கும். சங்கத்துக்கு நான்கு பேர். ஒரு சிவப்புக் கம்பைக் கைமாற்றிக் கைமாற்றிக் கோட்டாற்றிலிருந்து ரோட்டு வழியாகவே ஓடி, மலையிலுள்ள எஸ்டேட் பங்களா வாசலில் சேர்க்க வேண்டும். மூன்று வருஷமாகச் சபைச் சங்கம் கடைசி ஏற்றத்தில் தோற்றுக்கொண்டிருந்தது. ஒருநாள் நிஜார் போட்டு ஓடிப் பழகிக்கொண்டிருந்த அதன் வீரர்களை, தலைச்சுமையோடு ஒருவன் வெற்றிலை மென்றபடி தாண்டிப் போனான். செல்வதாஸ் அன்றே அவன் வீட்டுக்குப் போய்விட்டார்.

சுமைக்காரனைச் சேர்ப்பதா என்று சங்கத்தில் முணுமுணுத்தார்கள். செல்வதாஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரசலையனும் முதலில் மசியவில்லைதான். ஆனால் அந்த வருஷம் எஸ்டேட் துரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். கம்போடு முதலில் மலையேறி வருகிறவனுக்கு, அல்லது அவன் கைகாட்டும் ஆளுக்கு, எஸ்டேட் தபால் வேலை. மாதச் சம்பளம், காக்கிச் சட்டை. தலையில் சுமை கிடையாது. அதைக் கேட்ட பிறகு ரசலையனுக்கு உறக்கம் கொள்ளவில்லை. நேசபாய் அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்துவிட்டாள்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் செல்வதாஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, அவன் ஓடவேண்டிய கடைசிப் பங்கை ஒருதரம் சேர்ந்து போய்ப் பார்த்து வரலாமா என்று கேட்டார். ரசலையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கா சாரே வழி காட்டித் தாறீங்க? கண்ணக் கெட்டி விட்டாலும் போவேன்."

அதுவும் சரிதானே என்று வாத்தியார் திரும்பிப் போனார்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, மார்கழியில், அந்த ஓட்டத்தன்று, பத்தடிக்கு மேல் கண் தெரியாத மூடுபனி. ஆற்றுப் பாலத்தில் ரசலையன் கைக்குக் கம்பு வந்தபோது சபைச் சங்கம் இரண்டு பர்லாங் முன்னால் இருந்தது. அவனுக்குப் பின்னால் வரவேண்டியவன் நகரத்துச் சங்கத்தின் கிருஷ்ணமணி. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, நல்ல ஓட்டக்காரன். ரசலையன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் சுமையில்லாமல் மலையை நோக்கி ஓடுவது அதுவே முதல் தடவை. காற்றில் மிதப்பதுபோல இருந்தது. ஆலமூடு என்கிற ஆலமரத்தடி வந்தது. வலது கைப்பக்கம் வயல் வரப்பில் இறங்கி, தென்னந்தோப்பைச் சுற்றி, கால்வாயை ஒரே தாவலில் தாண்டி மறுபடி ரோட்டில் ஏறினான். அப்போதுதான் ஒருமுறை பின்னால் பார்த்தான். ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. குமாஸ்தா படுத்துவிட்டான் என்று நினைத்து மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஏற்றத்தில் நின்ற எஸ்டேட் கூலியாட்கள் கையைத் தட்டி, "ஓடு மக்கா, பிடிச்சிரலாம்" என்றார்கள். யாரைப் பிடிப்பது? அவனுக்கு விளங்கவில்லை. தன்னைத்தான் யாரோ துரத்துவதாக நினைத்து இன்னும் எட்டிப் போட்டான்.

பங்களா வாசல் பனிக்குள்ளிருந்து தெரிந்தபோது அங்கே ஒருவன் கழுத்தில் மாலையோடு நின்றான். கிருஷ்ணமணி.

ரசலையனுக்கு நம்ப முடியவில்லை. தன்னை ஒருவனும் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் தோள் உரசியிருக்குமே. கையிலிருந்த கம்பைத் தரையில் போட்டுவிட்டு, துரை, துரைசாணி, இரண்டு சங்கத்தாரும் பார்க்கக் கிருஷ்ணமணி முகத்துக்கு நேராக விரலை நீட்டினான்.

"இவன் ரோட்டுல வரல்ல. குறுக்கால ஏறி வந்திருக்கான்."

கிருஷ்ணமணி வெளுத்துப்போனான். சபைச் சங்கத்தார் ஆளுக்கு ஆள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். செல்வதாஸும் மாலையைக் கழற்றச் சொன்னார். அந்த நேரம் பார்த்து நடுவர் தாணுமாலயன் பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். மலையடிவாரத்துக் கோவில் தெருவில் விடியக்காலமே நின்று, ஓடி வருகிறவர்களைக் குறித்துக்கொண்டவர் அவர். கிருஷ்ணமணி தம் கண்முன்னால் ஓடிப் போனான் என்றார்.

"உன்னத்தான் நான் காணல்ல. நீ எந்த வழியா வந்தே?"

"ரோட்டு வழிதான்," என்றான் ரசலையன் கோபம் ஆறாமல். "ஆலமூடு வந்ததும் வரப்புல எறங்கி, தோப்பச் சுத்தி, கால்வாயத் தாண்டி, பெறவு ரோட்டுல..."

அந்த இடத்தில் அவன் நாக்கு நின்றுவிட்டது.

ஆலமூட்டிலிருந்து ரோடு நேரே போகிறது. கோவில் தெருவுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. அந்தத் தெருவில் ரசலையன் சாதியில் பிறந்தவன் கால் வைக்கக்கூடாது என்று இருந்தது. வேதத்தில் சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கியும் அது மாறவில்லை. அவன் அப்பனும் வரப்பில்தான் இறங்கினான், அப்பனுக்கு அப்பனும் வரப்பில்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கார் அந்தத் தெருவை எல்லோருக்கும் பொதுவாக்கியது. போன மாதம் கோவிலுக்குள்ளேயே எல்லோரும் போகலாம் என்று மகாராஜா விளம்பரம் போட்டார். இரண்டு சேதியையும் ரசலையன் சபையில் கேட்டான், எல்லோரோடும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னான். மறுநாள் காலை கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனான். யாரும் தடுக்கவில்லை, தெருவில் போக அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இதைக் கேட்டு மண்டை இருக்கிறதா இந்த மனுஷனுக்கு என்று கேட்கிறவர்கள் மூன்று தலைமுறை அந்த வரப்பில் ஓடிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

நகரத்தில் பிறந்து வளர்ந்த செல்வதாஸுக்கு வரப்புச் சமாசாரம் அப்போதுதான் தெரியவந்தது. கிருஷ்ணமணி மெல்ல, "தெரு தெறந்து எட்டு வருசம் ஆச்சே," என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே திகைத்துப்போய்ச் சொன்னான். ரசலையன் அவன் காலடியில் குனிந்து கம்பை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தான்.

தபால் வேலை கிருஷ்ணமணி கைகாட்டிய ஆளுக்குப் போயிற்று.

மத்தியானம் வெயில் வந்து பனி விலகியபின் சங்கத்தார் மலை இறங்கினார்கள். கோவில் தெரு முடியும் இடம் வந்ததும் மற்றவர்கள் பேச்சுவாக்கில் நேரே நடந்தார்கள். ரசலையன் கால்வாய்ப் பக்கம் திரும்பிவிட்டான். செல்வதாஸ் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"இப்படி வாங்க அண்ணே."

அவன் வந்தான். யாராவது அடிப்பார்களென்று நினைத்தானோ என்னவோ, தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டான். ஒரு பெண் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். ஒரு கன்றுக்குட்டி குறுக்கே படுத்திருந்தது. ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புவதற்குள் தெரு முடிந்து, எதிரே ஆலமூடு நின்றது.

"இவ்வளவுதானா சாரே?" என்றான்.

ரசலையன் திரும்பித் தெருவைப் பார்த்தான், வலதுபக்கம் வயலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டாமல் போகும் வரப்பைப் பார்த்தான். பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுததைச் சங்கத்தார் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

வீட்டு வாசலில் நேசபாய் காத்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே வேலை இல்லையென்று தெரிந்துகொண்டாள். என்ன ஆயிற்று, கால் இடறிற்றா என்று கேட்டாள். இல்லை, வழி தப்பிவிட்டது என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நித்தமும் போற வழிதானே?"

"ஆமா," என்றான் ரசலையன். "அதுலதான் தப்பினேன்."