கேப்டனைக் கெடுத்த பதினோரு நாள்

யாராவது ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய் சும்மா இருக்காது. இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து எத்தனை பேர் மனதைப் புண்படுத்தியிருப்பேனோ, கணக்கே இல்லை. அதையெல்லாம் மீறி ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார் என்றால், அது லோரி அண்ணன்தான்.

மலைமேல் இருக்கும் திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுபவர். அங்கே சாமான் இறங்கும்வரை சும்மா சுற்றியபோது ஒரு கடையில் இந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறார். மேசைமேல் கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்களைப் படையாக நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடா பிடித்து அடித்துக்கொள்கிற போர் விளையாட்டு. எனக்கு அது கல்லூரி நாளிலிருந்தே கிறுக்கு. மலைமேல் இன்னொரு கிறுக்கன் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விளையாட்டில் அண்ணன் கெட்டிக்காரர். வர்ணம் பூசுவதில்தான், ஐயோ! அவருடைய மலைப்பூதப் படையை எடுத்து வைத்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வர்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கமாட்டார். அப்படியே அப்பிவிடுவார். முகத்தில் மூக்கு எது, வாய் எது என்று தெரியாது.

"அண்ணே, பால் பதத்துக்குக் கரைக்கணும். மெல்லிசா ரெண்டு மூணு தடவ பூசணும்."

"சாகட்டும் சார், சண்டை போடத்தானே போவுது. மேக்கப் எதுக்குலா?"

ஈப்போவில் இந்தப் பொம்மைப்போர் விளையாட்டுக்காரர்கள் கூடும் நாள் ஒன்று வந்தது. இருவரும் போவதாக முடிவு செய்தோம். ஒரு மாதம் இருக்கும்போது, புதிதாகப் பூசித் தருகிறேன் என்று நானே வற்புறுத்தித்தான் அவருடைய படையைக் கேட்டு வாங்கினேன். "பாத்து செஞ்சி குடுங்க சார்" என்று பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். இருபது பூதங்கள். கூடவே நான் அதுவரை பார்க்காத ஒரு கேப்டன். கனமான உலோக வார்ப்பு. ஆனால் பூசியிருந்த இலட்சணம் இருக்கிறதே! உடம்பெல்லாம் லோரிக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. உதட்டில் இரத்தச் சிவப்பு. முதுகு அங்கியில் ஈரம் காயுமுன் யாரோ அழுத்திய கட்டைவிரல் ரேகை. நண்பர்களுக்குக் காட்டிச் சிரிக்கலாம் என்று நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் பழைய வர்ணம் இளகட்டும் என்று கிருமிநாசினியில் ஊறப்போட்டேன்.

மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்க்கத் தேய்க்கப் பச்சை உரிந்து வந்தது. அந்த உதட்டுச் சிவப்பு மட்டும் போகவில்லை. ஊசியால் கீறி, "சனியன்" என்று திட்டிக்கொண்டே கடைசித் துளிவரை எடுத்தேன்.

அண்ணனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்து கிடந்தது. குரல் செய்தி கேட்கிற பொறுமை எனக்கு எப்போதும் கிடையாது. மூன்றாம் நாள்தான் கேட்டேன்.

"சார், சொல்ல மறந்துட்டேன். அந்த கேப்டன மட்டும் ஒன்னும் செஞ்சிராதீங்க. மத்தத என்னா வேணாலும் செய்யுங்க. அது என் வீட்டுக்காரி பெயிண்ட் அடிச்சது. கட்டிக்கிட்ட புதுசுல, நான் ராத்திரி லோரில தனியா போறேன்னு அழுதுகிட்டே, தொணைக்கு இவன அடிச்சி குடுத்தா. நகத்துக்குப் போடற சாயத்துல உதடு வச்சா. எட்டு வருசமா லோரி முன்னால, கண்ணாடிகிட்டதான் நிக்கிறான். கேப்டன் இல்லாம படை எப்படின்னுதான் போட்டு அனுப்பினேன்."

பின்னணியில் லோரி இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. என் மேசையில் கேப்டன் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நின்றான்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. இத்தனை வருடம் பூசியவனுக்கு இது பெரிய காரியமா, படம்தான் இருக்கிறதே, அப்படியே திரும்பச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பதினோரு நாள் ஆயிற்று. வெளிச்சம் மேலிருந்து விழுவதுபோல் நிழல் கட்டத் தெரியும். வெள்ளி வர்ணமே தொடாமல், சாம்பலையும் வெள்ளையையும் கொண்டு வாளை மின்ன வைக்கத் தெரியும். கண்ணாடிபோல் மெல்லிய பூச்சை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக் கன்னத்தில் சூடு வரவழைக்கத் தெரியும். மற்ற இருபது பூதங்களுக்கும் அதெல்லாம் செய்தேன், ஜம்மென்று நின்றார்கள். இவன்தான் படியவில்லை. கோட்டைத் தாண்டிப் பூச நினைத்தால் கை தானாக ஓரத்தில் நின்றுவிடுகிறது. கண் ஒன்று சிறியதாக வந்தால் இன்னொன்றும் அதே அளவில் வந்து தொலைக்கிறது. இடக்கையால் முயன்றேன். நாலு தடவை கழுவினேன். மீசை வைத்த ஆசிரியர், தானா ராத்தா டவுனில் ஒரு கடையில் சிவப்பு நகச்சாயத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததை, என் மாணவன் ஒருவனின் அம்மா வேறு பார்த்துவிட்டார்.

கடைசியில் படிந்து வந்தான். படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், மயிரிழை வித்தியாசமில்லை. முதுகில் என் கட்டைவிரலை அழுத்தினேன்.

ஈப்போவுக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் மாலை, பெட்டியோடு அண்ணனின் லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். அண்ணி தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தேயிலைத் தூள் சலிக்கிற வேலை, சட்டையெல்லாம் வாசம். அண்ணன் பூதங்களைப் பார்த்து "அம்மாடி!" என்று வாயைப் பிளந்தார். பிறகு கேப்டனைத் தேடி எடுத்து, "இங்க பாரு, ஒன் ஆளு" என்று அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி சிரித்துக்கொண்டே வாங்கித் திருப்பினார். பழக்கம்போல முதுகிலிருந்த ரேகைக் குழியில் தன் கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே ஆடியது.

"இது என் விரல் இல்லியே" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கழுவியது, கீறியது, சிரிக்க எடுத்த படம், பதினோரு நாள் உட்கார்ந்து திரும்பப் பூசியது, எல்லாம். அண்ணன் கத்தியிருந்தால் தேவலை. கேப்டனை என் பக்கமாக மேசையில் வைத்தார்.

"நாளைக்கு ட்ரிப் இருக்கு சார். நீங்க ஈப்போ போய்ட்டு வாங்க."

ட்ரிப் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் ஈப்போ போகவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மேசைமேல் விரிப்பைப் போட்டு, அளவு நாடாவை எடுத்து வைத்து, மத்தியானம்வரை பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். இந்த மலையில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மனிதர்தான். அவரையும் என் கையாலேயே கழுவிவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு பனிமூட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அண்ணனும் அண்ணியும்.

"இவரு வீட்ல உம்முன்னு உக்காந்துருக்காரு, என்னால முடியல சார். இவர நீங்களே வச்சிக்குங்க" என்றார் அண்ணி.

நான் அவசரமாகத் தூரிகையை எடுத்து நீட்டினேன். "அண்ணி, புது பொம்மை இருக்கு. நீங்களே ஒன்னு அடிங்க. தண்ணி ஊத்த வேணாம், ஒன்னும் வேணாம். நான் வாயே திறக்க மாட்டேன்."

அண்ணி தலையை ஆட்டினார். "போனது போயிருச்சி சார். இப்ப அடிச்சா அது வேற ஆளு. அப்ப அழுத அழுகை இப்ப வருமா?"

அண்ணன் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"லோரி முன்னால காலியா கெடக்கு. ஒரு மாதிரியா இருக்கு சார். அந்தக் கள்ள கேப்டன் இருக்கானா, தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இருக்கான் அண்ணே. ஆனா அது அண்ணி அடிச்சது இல்லியே."

"தெரியும்லா. நீங்க அடிச்சதுதான். ஊருக்கே சரியா பூசுன்னு சொல்ற ஆளு, எனக்காக பதினோரு நாள் உக்காந்து கேவலமா அடிச்சிருக்கீங்க. வேற யாரு சார் செய்வா? குடுங்க, நாளைக்கு கேஎல் ட்ரிப் போவணும்."

அலமாரியைத் திறக்கப் போனேன். கண் கலங்கிவிட்டது. சாவி துவாரத்தில் நுழைய இரண்டு மூன்று தடவை ஆயிற்று.